துணியும் மணியும் ஒத்துப்போகாதபோது: பெரிய கழுத்தணிகளில் வரும் கோளாறுகளும் திருத்தமும்

கழுத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிற பெரிய மாலைக்கு ஸ்டேட்மென்ட் நெக்லஸ் என்று பெயர். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செய்து முடித்த மாலை கோணிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. துணிக்குழாய்க்குள் மணி போட்டு இடையிடையே முடிச்சிடும் வகை, ஃபெல்ட் துணிமேல் மணிகளை நெருக்கித் தைக்கும் பிப் வகை, கம்பியில் கோர்த்த பல சர வகை என்று மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றிலும் நான் செய்யாத தப்பு கொஞ்சம்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறொன்று. கொக்கியருகே அறுந்தால் கொக்கியைக் குறை சொல்வோம். மாலை முழுவதையும் விறைப்பாகக் கோர்த்தது காரணமாக இருக்கும். முடிச்சு அசிங்கமாக இருந்தால் கையைக் குறை சொல்வோம். துணியை நேராக வெட்டியது காரணமாக இருக்கும். ஆகவே எதையும் பிரிப்பதற்கு முன் மாலையை ஓர் ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்புறம் அரை மணி நேரம் அணிந்து நடந்து, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். பசையை எடுப்பது கடைசி வேலை. பசை பல கோளாறுகளை மறைக்கும், எதையும் தீர்க்காது.

மணி துணிக்குழாய்க்குள் போக மாட்டேன் என்கிறது

இந்த வேலையில் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. மணியின் விட்டம் 20 மி.மீ. என்றால், தட்டையாகக் கிடக்கும்போது இரண்டு செ.மீ. அகலம் இருக்கிற குழாய் போதும் என்று மனசு சொல்லும். போதாது. துணி மணியைச் சுற்றி வர வேண்டும், அதனால் கணக்குக்கு வேண்டியது சுற்றளவு. 20-ஐ 3.14 ஆல் பெருக்கினால் 63 மி.மீ. நகர்வதற்கு இடமாக 3, 4 மி.மீ. சேருங்கள். தையலுக்கு இரண்டு பக்கமும் 6 மி.மீ. வீதம் 12 மி.மீ. சேருங்கள். ஏறத்தாழ 8 செ.மீ. அகலத்துக்கு வெட்ட வேண்டும். 16 மி.மீ. மணி என்றால் ஆறரை செ.மீ., 25 மி.மீ. மணி என்றால் ஒன்பதரை. தைத்து முடித்த குழாயைத் தட்டையாக வைத்து அளந்தால், 20 மி.மீ. மணிக்கு அது 33 மி.மீ. இருக்க வேண்டும். இருந்தால் மணி போகும். 30 இருந்தால் பாதி வழியில் நின்று உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

ஏற்கெனவே தைத்துவிட்டீர்களா? தையலுக்குள் துணி மிச்சம் இருந்தால் பழைய தையலுக்கு வெளியே 2 மி.மீ. தள்ளிப் புதுத் தையல் போட்டுப் பழையதைப் பிரித்துவிடலாம். இரண்டு ஓரமும் விடுவதால் சுற்றளவில் 4 மி.மீ. கிடைக்கும். மிச்சமே இல்லையென்றால் துணியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு சைஸ் சிறிய மணிக்கு இறங்கிவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் சிக்குகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, உள்ளே இருக்கும் தையல் விளிம்பு மடிந்து மணியை மறிக்கலாம். குழாயைத் தையல் உள்ளே போகும்படி திருப்புவதற்கு முன்பே அந்த விளிம்பை 3, 4 மி.மீ. ஆக நறுக்கியிருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. இரண்டு, மரமணியின் மேல் சொரசொரப்பு. வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகி, அதன் வழியாக மணியை உருட்டிவிட்டுத் தாளை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். மணியை உள்ளிருந்து குச்சியால் குத்தித் தள்ளாதீர்கள். வெளியிலிருந்து இரண்டு விரல்களால் துணியைப் பின்னோக்கிச் சுருக்கிச் சுருக்கி விட்டால் மணி தானாக முன்னால் வரும்.

குழாயைத் திருப்பவே முடியவில்லை

பைஜாமாவுக்கு நாடா கோர்க்கிற அதே வித்தைதான். ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஊக்கு நடுவில் திறந்துகொண்டால் வேலை நாறிவிடும், அதனால் நான் வேறு மாதிரி செய்கிறேன். தைப்பதற்கு முன்பே, குழாயைவிட நீளமான ஒரு தடித்த நூலைத் துணியின் நல்ல பக்கத்தின் மேல் நடுவில் படுக்க வைத்து, ஒரு முனையில் மட்டும் அதைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிடுவேன். நீளத் தையல் முடிந்ததும் மறுமுனையில் நூலை இழுத்தால் குழாய் தானே திரும்பும். நீளத் தையல் அந்த நூலின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஏறியது. அந்தக் குழாய் இன்னும் திரும்பாமல் என் டப்பாவில் கிடக்கிறது.

மணி உள்ளே போனது, ஆனால் துணி சுருங்கிச் சுருங்கி நிற்கிறது

மணியின் இரு முனைகளிலும் மடிப்புகள் கொசகொசவென்று சேர்ந்தால், துணியை இழையின் நேர்வாக்கில் வெட்டியிருக்கிறீர்கள். நேராக வெட்டிய துணிக்கு உருண்டைமேல் படியத் தெரியாது. 45 டிகிரி கோணத்தில் கிராஸாக வெட்டினால் துணி இழுபட்டு வளைந்து மணியை அணைத்துக்கொள்ளும். மெல்லிய பருத்தி, வாயில் (voile) துணி, மெல்லிய பட்டு எல்லாம் கிராஸில் அழகாகப் படியும். கனமான துணி கிராஸில் வெட்டினாலும் முடிச்சில் போய் மாட்டிக்கொள்ளும்.

கிராஸுக்கு இரண்டு குணம் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறையும். ஆகவே மேலே சொன்ன கணக்கில் அகலத்தைக் கால் செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சாதாரண நேர்த் தையல் இழுபடாது, துணி இழுபடும். குழாயைத் திருப்பும்போது டப் டப் என்று சத்தம் கேட்டால் அது நூல் அறுகிற சத்தம்தான். தைக்கும்போது துணியை லேசாக இழுத்துப் பிடியுங்கள், அல்லது மிகக் குறுகலான ஸிக்ஸாக் தையல் போடுங்கள்.

மடிப்பு இல்லாமல் மொத்தமாகத் தொளதொளவென்று இருந்தால் குழாய் பெரிது, அவ்வளவுதான். தையலை உள்ளே தள்ளுங்கள்.

தையல் கோடு திருகிக்கொண்டு முன்பக்கம் வருகிறது

ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிறீர்கள். பத்து முடிச்சில் அது ஒரு முழுச் சுற்றாகிவிடும். ஒவ்வொரு மணியையும் போட்டவுடன் தையல் கழுத்தைப் பார்த்து இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முடிச்சை இறுக்குங்கள். முடிந்த மாலையில் இதைத் திருத்த முடிச்சுகளை அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. பூ அச்சு நெருக்கமாக இருக்கிற துணியில் தையல் கண்ணில் படாது, விட்டுவிடலாம்.

பாதி மாலையிலேயே துணி தீர்ந்துவிட்டது

முடிச்சு எவ்வளவு துணியைத் தின்னும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே துணியில், அதே அகலத்தில் ஒரு துண்டுக் குழாய் தைத்து 30 செ.மீ. தூரத்தில் இரண்டு புள்ளி வையுங்கள். நடுவில் ஒரு முடிச்சு போட்டு மறுபடி அளந்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். மெல்லிய பருத்தியில் எனக்குச் சுமார் 6 செ.மீ. குறைந்தது, தடித்த துணி இன்னும் அதிகமாகத் தின்னும்.

மணிக்கும் துணி போகும். 20 மி.மீ. மணி மாலையில் 20 மி.மீ. இடத்தைத்தான் அடைக்கும், ஆனால் துணி அதன் முதுகில் ஏறி இறங்க வேண்டும். அது சுற்றளவில் பாதி, 31 மி.மீ. இப்போது 11 மணி, 12 முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். மணிகளுக்கு 34 செ.மீ., முடிச்சுகளுக்கு 72, பின்னால் கட்ட இரண்டு பக்கமும் 35 வீதம் 70. மொத்தம் 176 செ.மீ. நான் 2 மீட்டருக்கே வெட்டுவேன். கழுத்தில் மணிகள் மட்டும் அடைக்கப்போகும் நீளமோ 22 செ.மீ.தான்.

தீர்ந்தே போய்விட்டதென்றால் துணியை ஒட்டுப்போடலாம். ஒட்டு நேராக இல்லாமல் சாய்வாக இருக்கட்டும், அப்போதுதான் தடிப்பு ஒரே இடத்தில் சேராது. அந்த ஒட்டு ஒரு முடிச்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்படி அளந்து போடுங்கள். ஒட்டுப்போடத் துணியே இல்லையா? மீதி முடிச்சுகளை விட்டுவிட்டு மணிகளுக்கு இடையில் தடித்த பட்டு நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். பாதி முடிச்சு, பாதி நூல் என்றால் ஒட்டாமல் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி பிரித்துப் போட்டால் வேண்டுமென்றே செய்தது போல் இருக்கும்.

முடிச்சுக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி

முடிச்சை முழுதாக இறுக்கிவிட்டு மணிப் பக்கம் தள்ள முயன்றால் அது நகராது. முடிச்சு தொளதொளவென்று இருக்கும்போதே அதன் நடுவில் தடித்த ஊசியையோ பின்னல் ஊசியையோ நுழையுங்கள். ஊசியால் முடிச்சை மணியருகே தள்ளிக்கொண்டு போய், மணியை ஒட்டியதும் ஊசியை உருவிக்கொண்டே இறுக்குங்கள். முத்து கோர்ப்பவர்கள் பட்டு நூலில் செய்வதும் இதையேதான். மணியைத் தொட்டு முடிச்சு விழுந்தால்தான் மாலை எடுப்பாக இருக்கும்.

முடிச்சுகள் ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தால், ஒரு தடவை வலப்பக்கமாகவும் மறு தடவை இடப்பக்கமாகவும் சுற்றியிருப்பீர்கள். எல்லா முடிச்சையும் ஒரே திசையில் போடுங்கள். நடு மணியிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போகிறவர்கள் மறுபக்கத்துக்கு வரும்போது மாலையைத் திருப்பி வைத்துக்கொள்வது நல்லது.

பிப் மாலை முன்னால் கவிழ்ந்து பின்பக்கத்தைக் காட்டுகிறது

பிப் வகை செய்கிறவர்களை அழவைக்கும் கோளாறு. ஃபெல்ட்மேல் ஆசை ஆசையாகக் கல்லும் மணியும் தைத்து முடித்து அணிந்தால், மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து ஃபெல்ட்டின் முதுகு எட்டிப்பார்க்கும். கொக்கி, சங்கிலி, நீளம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. குறை எடையில் இருந்தது.

ஒரு பொருளை அதன் எடை மையத்துக்கு மேலே பிடித்துத் தொங்கவிட்டால் அமைதியாகத் தொங்கும். கீழே பிடித்தால் குட்டிக்கரணம் போடும். சங்கிலியை ஃபெல்ட்டின் பக்கவாட்டில் நடுவாக்கில் தைத்து, பெரிய மணிகளை அழகுக்காக மேல் விளிம்பிலும் வைத்தால் எடை மையம் சங்கிலிக்கு மேலே போய்விடும். கவிழாமல் என்ன செய்யும்? சங்கிலியைப் பிரித்து மேல் விளிம்பின் இரண்டு ஓரக் கோடிக்குக் கொண்டுபோங்கள். பெரிதும் கனமானதும் கீழே, தட்டையானதும் லேசானதும் மேலே என்று வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

மணிகள் ஃபெல்ட்டிலிருந்து முன்னால் புடைத்துக்கொண்டு நிற்பதால் எடை எப்போதும் முன்பக்கம் இழுக்கும். ஃபெல்ட் ஒற்றையாக இருந்தால் வளைந்துகொடுத்துவிடும். சட்டைக் காலருக்குப் போடும் கேன்வாஸை நடுவில் வைத்து இரண்டு ஃபெல்ட்டாகத் தைத்தால் நிமிர்ந்து நிற்கும். ஆனால் மிகக் கெட்டியான அட்டை வைத்தால் வேறு வினை: மார்பின் வளைவில் படியாமல் தட்டு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும்.

சங்கிலியைத் தைப்பதற்கு முன்பே இதைச் சோதிக்க முடியும். சங்கிலி வரப்போகிற இரண்டு இடங்களில் ஆளுக்கொரு குண்டூசியைக் குத்தி, இரண்டு விரல்களால் தூக்கிப் பாருங்கள். கவிழ்வது அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு அரை நிமிடம் ஆகும். தைத்த மணிகளைப் பிரித்து இடம் மாற்றுவதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது.

கழுத்தெலும்புப் பக்கத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அது வெட்டின் குறை. முதலில் தாளில் வெட்டிக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து, தூக்கும் இடத்தில் தாளை மடித்து ஒட்டி, அந்தத் தாளை வைத்து ஃபெல்ட்டை வெட்டுங்கள்.

கொக்கி ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வந்துவிடுகிறது

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே எடையில் இருந்தால் மாலைக்கு எது முன், எது பின் என்று தெரியாது. நடக்க நடக்கச் சுழலும். கொக்கி பெரிதாக இருந்தால் அதுவே கீழே இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்கழுத்தில் வரும் 15 செ.மீ. அளவுக்கு மணிகளை எடுத்துவிட்டு மெல்லிய சங்கிலியோ ரிப்பனோ போடுங்கள். கொக்கியைச் சிறிதாக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது

எடை போடுங்கள். 20 மி.மீ. உருண்டையின் கன அளவு 4.2 கன செ.மீ. கண்ணாடி என்றால் ஒரு மணி பத்தரை கிராம் வரும். அக்ரிலிக் என்றால் 5 கிராம். மரம் என்றால் இரண்டரையிலிருந்து 3 கிராம். 11 மணிக்குக் கண்ணாடியில் 115 கிராம், மரத்தில் 30 கிராம் சொச்சம். துணிக்குள் போகிற மணி கண்ணாடியா மரமா என்று எந்தக் கண்ணுக்குத் தெரியப்போகிறது? துணிக்குள்ளே கண்ணாடி மணி போடுவதைப் போல வீண் செலவு இந்த வேலையில் இல்லை. கண்ணாடியை வெளியே தெரிகிற இரண்டு மூன்று இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்க மனமில்லாவிட்டால் பின்கழுத்தில் அகலத்தைக் கூட்டுங்கள். மெல்லிய கம்பி அறுக்கிற அதே எடையை 2 செ.மீ. அகலத் துணிப்பட்டை தாங்கிக்கொள்ளும்.

மாலை அறுந்துவிட்டது

முதலில் மணிகளைப் பொறுக்குங்கள். அப்புறம் அறுந்த முனையைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏன் அறுந்தது என்று அந்த முனையே சொல்லிவிடும். பல பேர் இருந்த ஓர் அறையில் என் மாலை அறுந்து, ஊர்ப்பட்ட மணிகள் நாற்காலிகளுக்கு அடியில் ஓடியபோது, நான் அந்த முனையைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அதே நூலில் திரும்பவும் கோர்த்தேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் அறுந்தது. அதிலிருந்து வந்த புத்தி இது.

முனை பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, அதற்குச் சற்று முன்பிருந்தே நூல் மெலிந்திருந்தால், மணியின் துளை விளிம்பு ராவி ராவி அறுத்திருக்கிறது. என்னுடையது இந்த ரகம். கண்ணாடிக் கிரிஸ்டல், உலோக மணி, வெட்டிய கல் ஆகியவற்றின் துளைகள் கத்தி போல் இருக்கும். ஊசியை விட்டுத் தடவினால் எந்த மணி என்று பிடிபடும். அதை வைரத்தூள் பூசிய சிறிய ஊசி அரத்தால் தண்ணீர் தொட்டு ராவி வழுவழுப்பாக்கலாம். அதற்குப் பொறுமையில்லையென்றால் நூலைக் கைவிட்டு, நைலான் பூசிய எஃகுக் கம்பிக்கு மாறுங்கள். மணிகளுக்கு நடுவே சின்னப் பாசிமணி ஒன்றைப் போட்டால் அசைவும் குறையும்.

கம்பி கொக்கியருகே வளைந்து நெளிந்து, ஓர் இழை இரண்டு இழையாக விட்டுப்போய் அறுந்திருந்தால் அது மடங்கி மடங்கி வந்த சோர்வு. இந்தக் கம்பிகள் 7, 19, 49 மெல்லிழைகளை முறுக்கிச் செய்தவை. 7 இழைக் கம்பி விறைப்பானது, சீக்கிரம் மடங்கிவிடும். 49 இழை நூல் மாதிரி வளையும். கனமான மாலைக்கு 0.48 மி.மீ. தடிப்பில் 49 இழை வாங்கினால் நெடுநாள் வரும்.

கிரிம்ப் மணிக்கு (கம்பியின் முனையைப் பிடித்து நிறுத்த நசுக்கிவிடும் சின்ன உலோக மணி) ஒட்டினாற்போல் வெட்டியது மாதிரி அறுந்திருந்தால் குறட்டால் அளவுக்கு மீறி நசுக்கியிருக்கிறீர்கள். சாதாரணக் குறட்டால் சப்பையாக நசுக்கினால் கிரிம்பின் ஓரமே கம்பியை வெட்டிவிடும். கிரிம்ப் குறட்டில் இரண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடிப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்து முதலில் அழுத்த வேண்டும், இரண்டு கம்பியும் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்க வேண்டும். பிறகு கிரிம்பைக் கால் வட்டம் திருப்பி, நுனிப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்து மடிக்க வேண்டும். உருண்டு சின்னதாகிவிடும், அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம்.

கம்பி முழுசாக இருந்து, கிரிம்பிலிருந்து நழுவி வந்திருந்தால் கிரிம்ப் பெரிது. 0.38 முதல் 0.48 மி.மீ. வரையான கம்பிக்கு 2 மி.மீ. குழாய் கிரிம்ப் பொருந்தும். எந்த அளவாக இருந்தாலும் மடித்த வாலை இரண்டு மூன்று மணிகளுக்குள் திரும்ப நுழைத்துவிடுங்கள்.

நைலான் நூலில் முடிச்சு தானாக அவிழ்ந்திருந்தால், வழுக்கும் நூலுக்குச் சாதாரண முடிச்சு பிடிக்காது என்று அர்த்தம். முதல் மடிப்பில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் எதிர்த்திசையில் இன்னொரு மடிப்புப் போட்டு இறுக்குங்கள்.

எதுவுமே அறாமல் மாலை விழுந்திருந்தால் ஜம்ப் ரிங், அதாவது கொக்கியை மாலையோடு இணைக்கும் சின்ன வளையம், வாயைத் திறந்திருக்கும். வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து அகட்டித் திறந்தால் அதன் வட்டம் போய்விடும், திரும்ப எப்படி மூடினாலும் வாய் சேராது. இரண்டு குறடுகளால் பிடித்து ஒரு முனையை உங்கள் பக்கமும் மறு முனையை எதிர்ப் பக்கமும் திருகித் திறக்க வேண்டும், அதே போல் திருகி மூட வேண்டும். மூடும்போது உலோகமும் உலோகமும் உரசுகிற சின்னச் சத்தம் கேட்டால் சரி. கனமான மாலைக்குத் தடித்த வளையமே போடுங்கள்.

கழுத்தில் படியாமல் விறைத்து நிற்கிறது

இழுத்துப் பிடித்துக் கோர்த்திருக்கிறீர்கள். நேராகக் கிடக்கும்போது மணிகள் இடுக்கில்லாமல் இருந்தால், வளையும்போது அவற்றுக்குப் போக இடமில்லை. கிரிம்பை அழுத்துவதற்கு முன் மாலையை வட்டமாக வளைத்து வைத்து, ஒன்றிரண்டு மி.மீ. கம்பி கூடுதலாக விடுங்கள். நீளக் குழல் மணிகளை அடுத்தடுத்து கோர்த்திருந்தாலும் வளையாது. இடையில் சிறு உருண்டை மணி போடுங்கள். செய்து முடித்த கம்பி மாலையில் விறைப்பை நீக்க ஒரு பக்கம் வெட்டித்தான் ஆக வேண்டும். விறைப்பாகவே விட்டால் மேலே சொன்ன கொக்கியருகே அறுகிற கதை நடக்கும்.

இதற்கு நேர்மாறாக, கோர்த்த அன்று சரியாக இருந்து நாலு நாளில் மணிகளுக்கு நடுவே நூல் தெரிந்தால், நூல் இழுபட்டுவிட்டது. பட்டும் நைலானும் எடைக்கு நீளும். கோர்ப்பதற்கு முதல் நாள் இரவே நூலின் நுனியில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிட்டுவிட்டால், நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும்.

பல சரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன

சரங்களுக்கு இடையே நீள வித்தியாசம் போதவில்லை. முன்பக்கம் அரை வட்டமாக விழும் சரத்துக்கு அடியில், ஒரு மணி அகலம் தள்ளி இன்னொரு சரம் விழ வேண்டுமானால் அது மணி அகலத்தைப் போல் 3.14 மடங்கு நீளமாக இருக்க வேண்டும். 10 மி.மீ. மணி என்றால் ஒவ்வொரு சரமும் முந்தையதைவிட ஏறத்தாழ 3 செ.மீ. கூடுதல். கண்ணளவில் ஒரு செ.மீ. கூட்டினால் ஏறத்தான் செய்யும். எல்லாச் சரத்தையும் ஒரே வளையத்தில் மாட்டாமல், பல துளை உள்ள பட்டையில் தனித்தனியாக மாட்டினால் இன்னும் ஒழுங்காக இருக்கும். நீளத்தை மாற்ற வழியில்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள். முறுக்கினால் நீளம் குறையும், ஆனால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

பிசிறு அடிக்கிறது

சாட்டின், ஆர்கன்சா போன்ற துணிகளின் குணமே அது. பாலியஸ்டராக இருந்தால் விளிம்பை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் காட்டி உருக்கி அடைக்கலாம், சுடரைத் தொடக்கூடாது. என்ன துணி என்று தெரியாவிட்டால் ஓர் இழையை மட்டும் உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் வாசனை என்றால் பட்டு. உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர் வகை. பருத்தியையும் பட்டையும் நெருப்பில் காட்ட வேண்டாம், ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

சாயம் சட்டைக் காலரில் ஒட்டுகிறது

குற்றவாளி துணியா மணியா என்று முதலில் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் இரண்டையும் தனித்தனியாகப் பத்துத் தடவை தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் தோய்த்த மரமணிகள் வியர்வைக்கு நிறைய விடும். தெளிவான வார்னிஷ் ஒரு கை பூசிக் காய வைத்தால் நின்றுவிடும். துணியின் சாயம் என்றால் செய்வதற்கு முன்பே அலசியிருக்க வேண்டும். அலசினால் இன்னொரு லாபம், பருத்தி சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். அலசாமல் செய்த மாலையைப் பின்னால் தண்ணீரில் முக்கினால் துணி சுருங்கும், உள்ளே மரமணி ஊறி உப்பும், தையல் என்ன பாவம் செய்தது?

வெளிர்நிறத் துணிக்குள் மணியின் கருநிழல் தெரிவதும் உண்டு. மணிக்கு வெள்ளை அடியுங்கள்.

பசை போட்ட இடம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

சூப்பர் க்ளூ காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் படிந்துதான் இந்த வெண்படலம். துணியில் படிந்தால் பெரும்பாலும் போகாது. அந்த இடத்தில் ஒரு மணியோ துணிப்பூவோ தைத்து மறைப்பதே புத்திசாலித்தனம். அசிட்டோன் இந்தப் பசையை இளக்கும் என்பது உண்மை, ஆனால் அக்ரிலிக் மணியையும் அசிடேட் துணியையும் சேர்த்துக் கரைத்துவிடும். முத்துப் பூச்சு உள்ள பிளாஸ்டிக் மணியின் மினுமினுப்பும் போய்விடும்.

அதைவிட முக்கியம்: பருத்தித் துணியில் இந்தப் பசையை நிறைய ஊற்றினால் சட்டென்று சூடேறும். விரல் சுட்டுவிடும், புகையக்கூட வாய்ப்புண்டு. நூல் முடிச்சில் போட்டால் முடிச்சு கல்லாகி, அந்தக் கல்லும் இளகிய நூலும் சேருமிடத்தில் அறும். முடிச்சுக்கு நகை வேலைக்கான நெகிழும் பசை ஒரு சொட்டு, துணிக்குத் துணிப்பசை. சூப்பர் க்ளூவுக்கு இந்த மேசையில் இடமில்லை.

கழுத்தில் பச்சைக் கறை, அல்லது அரிப்பு

பச்சைக் கறை செம்பு கலந்த உலோகம் வியர்வையோடு சேர்ந்ததால் வருவது. சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. அரித்துச் சிவந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், அதோடு விளையாடாதீர்கள். நெயில் பாலிஷ் பூசினால் சில நாள் தாங்கும், அப்புறம் உதிரும். கொக்கியையும் சங்கிலியையும் எடுத்துவிட்டுத் துணி நாடாவாலேயே கட்டிக்கொள்வதுதான் துணி மாலைக்கு இருக்கிற வசதி. ஃபெல்ட்டின் முதுகு குத்துகிறது என்றால் மெல்லிய பருத்தியை உள்துணியாகப் போட்டு ஓரத்தில் ஹெம்மிங் செய்துவிடுங்கள்.

நாடாவைக் கட்டினால் நழுவுகிறதா? சாட்டின் நாடா நழுவும். அதன் நுனியில் ஆளுக்கொரு சின்ன மணி போட்டு முடிந்துவிட்டால் அந்த எடைக்கு முடிச்சு முழுவதும் உருவிக்கொண்டு வராது, தலைமுடியிலும் சிக்காது.